டாக்டர் என் கையை மட்டும் பார்த்தார்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பச்சைத் திரை உண்டு. வெளியாட்கள் வந்தால் இழுத்துவிடுவோம். ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். இரண்டு துணிகள் சேருமிடத்தில் நடுவே ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாக என் இடது கை வெளியே போனது. டாக்டர் அந்தக் கையில் பட்டையைச் சுற்றினார், ரப்பர் பந்தை அமுக்கினார், பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தார், மருந்து எழுதினார், போய்விட்டார். திரைக்கு இந்தப் பக்கம் நான் ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற பெண்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறுமையாக எழுதப்போவதில்லை. எல்லோரும் பொறுமையாக, அடக்கமாக, மரியாதையாக இருந்ததில்தான் இத்தனையும் நடந்தது. என் மகள் உதடு நீலம் பூத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். கொஞ்சம் தணிவாக எழுதக் கூடாதா என்று கேட்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

என் பெயர் ஜொகரா. இராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறினால் கடலோரத்தில் வரும் பட்டினங்களில் ஒன்று எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் கல்யாணமான பிறகும் உம்மா வீட்டில்தான் இருப்போம். மாப்பிள்ளைதான் வந்து போவார். என் மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை. வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு வீட்டில் ஆண் துணை என்றால் என் அண்ணன் ஒருவர்தான். காக்கா என்று கூப்பிடுவேன். கடைக்குப் போவது, பத்திரம் எழுதுவது, டாக்டரைக் கூட்டி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்காக வெளியுலகத்தோடு பேசுகிற வாயும் அவருடையதுதான்.

எனக்கு அது முதல் கர்ப்பம். ஏழாவது மாதத்தில் தலைவலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. கண்ணைத் திறந்தால் பூச்சி பறந்தது. கால் வீங்கி, கொலுசு தோலுக்குள் புதைந்தது. உம்மா தைலம் தேய்த்துப் பார்த்தார், பற்றுப் போட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. காக்கா இராமநாதபுரம் போய் ஒரு டாக்டரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய படிப்புப் படித்தவர், கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு.

திரை இழுக்கப்பட்டது. கை வெளியே போனது. டாக்டர் காக்காவிடம் கேட்டார்.

"பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கே. வயசு என்ன?"

"இருபத்தி மூணுங்க."

"சின்ன வயசு. குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

"வாப்பாவுக்கு இருந்துச்சு. அதுலதான் கை கால் விழுந்து மௌத்தானாங்க."

"அப்ப சரி. குடும்ப வாகு. வேற ஏதாவது உண்டா?"

திரைக்குப் பின்னால் அந்தக் கேள்வி வந்து விழுந்தது. என் காதுக்கு இன்னும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு அண்ணன் அந்நிய ஆணிடம் தன் தங்கை உண்டாகியிருக்கிறாள் என்று சொல்வதாவது. எங்கள் ஊரில் அது வழக்கமில்லை. வீட்டுக்குள்ளேயே காக்கா என் வயிற்றைப் பார்க்காத மாதிரிதான் நடமாடுவார். மாம்பழம் வாங்கி வந்தால் என்னிடம் கொடுக்க மாட்டார், உம்மாவிடம் கொடுத்து, "எல்லாரும் சாப்பிடுங்க" என்பார். எல்லாரும் என்றால் நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் என்ன சொல்வார்?

"வேற ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உம்மா என் காதில் கிசுகிசுத்தார்.

"கையைப் பிடிச்சவருக்குத் தெரியாமயா போகும்? நம்ம பழைய ஹக்கீம் நாடியத் தொட்டாலே எத்தனை மாசம்னு சொல்லிருவாரு. இவரு அதுக்கு மேல படிச்சவரு. சும்மா இரு."

அந்த ஹக்கீம் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அவர் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாராம். இந்த டாக்டர் நாடியைப் பிடிக்கவே இல்லை. பட்டை கட்டி, பெட்டியைப் பார்த்தார். இரண்டும் ஒன்று என்று உம்மா நினைத்தார். ஒரு பெண்ணின் குரல் அந்நியர் காதில் விழக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படித்தவர் ஒருவர் இருந்தாரே அந்தப் பக்கம். கல்யாணமான இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு பிரஷர் ஏறியிருக்கிறது. அவள் கர்ப்பமா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கும் கூச்சமாம். இந்த வீடுகளில் அதெல்லாம் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். பிறகு தெரிந்தது. என் மானத்தைக் காப்பாற்ற எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

அவர் கொடுத்தது அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரை. சர்ப்பகந்தா என்று ஒரு வேர் இருக்கிறதாம், அதிலிருந்து எடுப்பதாம். "விடாம சாப்பிடணும். நான் சொல்லாம நிறுத்தக் கூடாது. உப்பைக் குறைங்க" என்றார். எங்கள் வீட்டில் டாக்டர் சொன்னால் சொன்னதுதான். உம்மா மற்ற வேலையெல்லாம் மறந்தாலும் என் மாத்திரையை மறந்ததில்லை.

தலைவலி குறைந்தது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. கண்ணில் பூச்சி பறப்பது நின்றது. டாக்டருக்காக உம்மா கையேந்தி துஆச் செய்தார். ஆனால் கொஞ்ச நாளில் மூக்கு அடைத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு வராது, வாயைத் திறந்துகொண்டு தூங்கி நாக்கு வறண்டுபோகும். ஆவி பிடித்தேன், சுக்குக் கசாயம் குடித்தேன், ஓமத்தைத் துணியில் கட்டி முகர்ந்தேன். சளியே இல்லாத மூக்கடைப்பு. அதோடு ஒரு மந்தம் வந்து உட்கார்ந்தது. பகலெல்லாம் தூக்கம். பிறகு அழுகை. காரணமே கிடையாது. கொடியில் துணி காய்வதைப் பார்த்து அழுதேன். பிள்ளைக்குத் துணி தைக்க எடுத்தேன், ஊசியில் நூல் கோக்க மனமில்லாமல் வைத்துவிட்டேன். செத்துப்போனால் தேவலை என்று ஒரு நினைப்பு வரும். அப்படி நினைக்கிற பெண் இல்லை நான். அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள், வாயாடி என்று.

பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். அந்தி நேரத்தில் கொல்லையில் நின்றிருப்பாள், ஏதோ தொட்டிருக்கிறது என்றார் இன்னொருவர். உம்மா பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தார். அந்தத் தண்ணீரில்தான் மாத்திரையை விழுங்கினேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

டாக்டர் மறுபடியும் வந்தார். மறுபடியும் திரை, பிளவு, கை. பிரஷர் இறங்கியிருந்தது. அவருக்கு ஒரே திருப்தி.

"நல்ல குணம். இதையே விடாம குடுங்க."

"சளி பிடிச்சிருக்குங்க. மூக்கடைப்பு" என்றார் காக்கா.

"பனிக்காலம்தானே. சரியாயிரும்."

எனக்கு என்ன கோபம் என்றால், அந்த மூக்கடைப்பு அந்த மாத்திரையோடு வருவது. அது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். திரையை விலக்கி என் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால், திறந்த வாயும் வீங்கிய கண்ணும் அவருக்குச் சொல்லியிருக்கும். கீழே பார்த்திருந்தால் வயிறு சொல்லியிருக்கும். கையில் என்ன தெரியும்? நாலு வளையல் தெரியும்.

பத்தாம் மாதம் பிறந்து சில நாளில் வலி எடுத்தது. எங்கள் தெரு மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஆனால் மருத்துவச்சி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு சின்ன முனகல்தான் வந்தது. கை கால் தொய்ந்து கிடந்தது. மூக்கிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம். பிள்ளையை மார்பில் போட்டார்கள். இரண்டு வாய் சப்பினாள், அவ்வளவுதான், முகம் நீலமாகிவிட்டது. இழுத்து எடுத்ததும் வாயைத் திறந்து அழுதாள், நிறம் திரும்பியது. மறுபடி மார்பில் வைத்தோம், மறுபடி நீலம்.

மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இது என் கையில நிக்காது தாயி. இப்பவே ராமநாதபுரம் கொண்டு போங்க. யோசிக்காதீங்க."

பெற்ற உடம்போடு என்னைப் பிளஷர் காரில் தூக்கி வைத்தார்கள். நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்கிற வழக்கம் எல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. காருக்கும் திரை கட்டினார்கள், அதை மட்டும் மறக்கவில்லை. காக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு ஓதிக்கொண்டே வந்தார். உப்பளம் தாண்டும்போது பிள்ளையின் உதடு கறுத்தது. உம்மா தன் சுண்டுவிரலை அவள் வாய்க்குள் விட்டு லேசாகத் திறந்து பிடித்தார். உதடு சிவந்தது. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் வாய் திறந்திருந்தால் உயிர் இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உம்மா அந்த விரலை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டமோ கூட்டம். பெஞ்சில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உம்மா யாரையும் கேட்காமல் பிள்ளையோடு நேரே உள்ளே போய்விட்டார். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, குரல் மட்டும் பெரியது. பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மேஜையில் போட்டார். ரப்பர் குழாயை மூக்கில் விட்டு உறிஞ்சினார். மெல்லிய வளைந்த குழாய் ஒன்றை வாய்க்குள் வைத்து நாக்கை அமுக்கினார். பக்கத்தில் பிராணவாயு உருளையைத் திறந்துவிட்டார்கள். பிள்ளையின் நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கியது. நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என்னைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"கர்ப்பத்துல என்ன மருந்து சாப்பிட்டே?"

என்னிடம் கேட்டார். உம்மாவிடம் இல்லை, காக்காவிடம் இல்லை. டாக்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்பது அதுதான் முதல் தடவை. உம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரைக் குப்பியை நீட்டினார். மாத்திரை வேளை தவறக் கூடாதென்று அந்த அமளியிலும் கொண்டு வந்திருந்தார். லேடி டாக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் மூக்கைப் பார்த்தார்.

"உனக்கும் மூக்கடைப்பு இருக்குல்ல?"

"ஆமா டாக்டரம்மா."

"அழுகை அழுகையா வந்திருக்குமே?"

ஆமாம் என்று சொல்ல வந்தேன், அழுதுவிட்டேன். கண்ணேறு இல்லை, காற்றுக் கறுப்பு இல்லை, நான் பைத்தியமும் இல்லை. மாத்திரை.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் சாப்பிட்டியா?"

"வலி எடுத்தப்பவும் உம்மா குடுத்தாங்க. நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

"குடுத்தவருக்கு நீ கர்ப்பம்னு தெரியுமா?"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா கீழே பார்த்தார். டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய், "இந்தப் பொண்ணோட வந்த ஆம்பள யாரு, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். காக்கா தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார்.

"டாக்டர்கிட்ட மருந்து வாங்கினது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"தங்கச்சி மாசமா இருக்கான்னு சொன்னீங்களா?"

காக்காவின் காது மடல் சிவந்தது.

"அது எப்படிம்மா சொல்றது?"

"வாயாலதான்" என்றார் லேடி டாக்டர்.

காக்கா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாப்பாவின் மையத்தைத் தூக்கி அடக்கம் செய்தபோது கூட அழாதவர். எனக்கு அவர் மேல் அப்போது இரக்கம் வரவில்லை என்றால் நம்புங்கள். பிறகு வந்தது. இரக்கம் வந்ததனால் கோபம் போய்விடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாம் விளக்கினார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதால், உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். உடம்பிலுள்ள ரத்தக் குழாய்கள் இறுகினால் பிரஷர் ஏறும். இந்த மாத்திரை குழாய்களைத் தளர்த்தும். மூக்குக்குள் இருக்கும் பொடிப்பொடிக் குழாய்களும் தளர்ந்து வீங்கும், அதனால்தான் அடைப்பு. மூளையையும் அமுக்கும், அதனால்தான் மந்தமும் அழுகையும்.

"நீ சாப்பிட்டதுல ஒரு பங்கு தொப்புள்கொடி வழியா அவளுக்கும் போயிருக்கு. உனக்கு மூக்கடைச்சா நீ வாயால மூச்சு விடுவே. பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. அதுக்கு மூக்குதான் கதி. பால் குடிக்க வாயை வச்சா ரெண்டு வழியும் அடைச்சிருது."

"அப்ப அது விஷமா டாக்டரம்மா?"

"விஷமில்ல. உன்னைப் பிடிச்சிருந்த பிரஷரும் லேசுப்பட்டதில்ல, அப்படியே விட்டா ஜன்னி வந்திருக்கும். உள்ள பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சு பாக்கிறவங்க முதல்ல படுக்க வச்சிருப்பாங்க, நீரைச் சோதிச்சிருப்பாங்க. மருந்து குடுத்தே ஆகணும்னா யோசிச்சு, அளந்து, பக்கத்துல இருந்து பாத்துக் குடுப்பாங்க. பிரசவம் வரைக்கும் இப்படி அள்ளிக் குடுக்க மாட்டாங்க. இப்ப இதை நிறுத்துறேன். ஆனா நீயா எந்த மருந்தையும் நிறுத்தாதே. அதுவும் தப்பு."

என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, விளக்கில் காய்ச்சிக் காட்டினார். சூடானதும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கலங்கி வெளுத்தது. உடம்பில் நிற்க வேண்டிய சத்து நீரில் இறங்கினால் அப்படி ஆகுமாம். கர்ப்பிணிக்கு பிரஷர் என்றால் முதலில் பார்க்க வேண்டிய சோதனை இதுவாம். ஒரு குழாயும் ஒரு விளக்கும் போதும்.

"எப்ப சரியாகும்?" என்று கேட்டேன்.

"அவ உடம்புல இருக்கிற மருந்து இறங்கணும். சில நாள் ஆகும். அதுவரைக்கும் அவளுக்கு நாமதான் மூச்சுக்கு வழி விடணும்."

அந்தச் சில நாட்களும் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தன. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, உப்புநீர்ச் சொட்டு விட்டு, உறிஞ்சி எடுப்பார்கள். மெல்லிய குழாய் வழியாகப் பால் இறக்குவார்கள். நான் பீச்சிக் கொடுத்த பால். அதிலும் கொஞ்சம் மருந்து வரும் என்று முதலில் வேண்டாமென்றார்கள், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் பீச்சிக் கீழே கொட்டினேன். என் பாலை என் கையால் கொட்டியதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பிள்ளையின் உடம்பு சூடு நிற்காமல் சில்லிட்டுப் போகும். சோடா பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்போம். அந்த வெந்நீர் காக்காவின் வேலை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைக்கும் வார்டு வாசலுக்குமாக அவர் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. வார்டுக்குள் ஆண்கள் வரக் கூடாது, அதனால் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு இருமுவார். உம்மா போய் எடுத்து வருவார். உள்ளங்கை கொப்பளித்திருந்ததை உம்மா பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். என் அண்ணன் எனக்காக உயிரைக் கொடுப்பார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு வார்த்தையைத்தான் கொடுக்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கடலாடிப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள், முத்துராக்கு என்று பெயர். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். தொட்டிலே இல்லாத கட்டில் அவளுடையது. அவளுக்கும் என்னைப் போலவே தலைவலி, கால் வீக்கம். எந்த டாக்டரிடமும் போகவில்லை, மருந்தே சாப்பிடவில்லை. ஜன்னி வந்து விழுந்து, வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாருகிட்டக்கா சொல்ல? மாமனாருதான் வண்டி கட்டணும். அவருகிட்டப் போயி எனக்குக் கால் வீங்குது, வயித்துல என்னமோ பண்ணுதுன்னா சொல்ல முடியும்? எங்கன போய் நிக்க? சும்மா படுத்தாச் சரியாயிரும்னாங்க."

அவள் வீட்டில் திரை கிடையாது. களத்திலும் வயலிலும் ஆண்களோடு நின்று வேலை செய்கிறவள். ஆனாலும் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர் வழக்கம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று யாராவது சொல்ல வந்தால், முத்துராக்குவின் கட்டிலையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பேன்.

என் மாப்பிள்ளை தந்தி கிடைத்துக் கப்பலேறி, தனுஷ்கோடி வந்து ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். தூரத்திலிருந்து வந்தவர் என்று நர்சு கொஞ்ச நேரம் உள்ளே விட்டார். கையில் பிஸ்கட் டப்பா, பிள்ளைக்கு நாலு கவுன். பிள்ளையின் வாயிலும் மூக்கிலும் இருந்த குழாயைப் பார்த்து, கவுன்களை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"என்ன செய்யிறது ஜொகரா. எல்லாம் நசீபு. அவன் எழுதினது."

"நசீபுன்னு சொல்லாதீங்க" என்றேன். "அல்லா உங்க மச்சானுக்கு வாயையும் அந்த டாக்டருக்குக் கண்ணையும் குடுத்தான். ரெண்டு பேரும் அதை மூடிக்கிட்டாங்க. அவங்க மூடினதுக்கு அல்லா மேல பழி போடாதீங்க."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்சு சிரித்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை பிஸ்கட் டப்பாவைத் திறந்து முதலில் முத்துராக்குவிடம் நீட்டினார்.

எனக்கும் பிரஷர் நின்றபாடில்லை. மாத்திரையை நிறுத்தியதும் ஒரு தடவை ஏறியது. என்னை அசையாமல் படுக்க வைத்து, ஊசி போட்டு இறக்கினார்கள். பிள்ளை அறையின் ஒரு மூலையில், நான் மறு மூலையில். எழுந்து போய்ப் பார்க்கக் கூடாது. காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். அந்தக் குறட்டைச் சத்தம் கேட்டால் உயிரோடு இருக்கிறாள், கேட்காவிட்டால் இல்லை என்று எனக்குள் ஒரு கணக்கு.

ஒரு நாள் காலையில் கண் விழித்தேன், சத்தமே இல்லை. படுக்க வைத்தவர்கள் எப்படியும் போகட்டும் என்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். தொட்டிலருகே லேடி டாக்டர் குனிந்து நின்றார். வாய்க்குழாயை எடுத்துவிட்டிருந்தார். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு சிவப்பாக இருந்தது. மூக்கு வழியாக, சத்தமே இல்லாமல், மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"திறந்துக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. "இப்ப குடுத்துப் பாரு."

மார்பில் வைத்தேன். சப்பினாள், நிறுத்தினாள், மறுபடி சப்பினாள். நிறம் மாறவில்லை. உம்மா கட்டில் காலடியில் நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தார். நான் அழுத அழுகையில் பிள்ளையின் தலை நனைந்தது. அந்த அழுகைக்குக் காரணம் இருந்தது, அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. வாசலில் காக்கா இருமினார். வெந்நீர் இனி வேண்டாம் என்று போய்ச் சொல்ல உம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஹாஜரா என்று பெயர் வைத்தோம். வீட்டுக்கு வந்தோம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. டாக்டர் கைராசிக்காரர்தான், பிள்ளையின் நேரம்தான் சரியில்லை என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். உம்மா திரையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மறுபடி மாட்டினார்.

ஹாஜராவுக்குப் பல் முளைக்கும் பருவத்தில், என் சின்னம்மா மகள் சபியா பிள்ளை உண்டாகி எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுக்குத் தலைவலி, கால் வீக்கம். இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று நான் கத்தினேன். சின்னம்மா கேட்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்றார். பழைய டாக்டரையே கூட்டி வந்தார்கள். திரை இழுக்கப்பட்டது. சபியாவின் கை பிளவு வழியாக வெளியே போனது. நான் அவள் பக்கத்தில், இடுப்பில் ஹாஜராவோடு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பந்து அமுங்கும் சத்தம் கேட்டது.

"பிரஷர் ஏறியிருக்கே" என்றார் டாக்டர். "வேற ஏதாவது உண்டா?"

காக்கா வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்து, அவளுக்கு..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. பாவம், இந்தத் தடவை முயற்சியாவது செய்தார். சின்னம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அதை உதறினேன். சபியாவின் கை போன அதே பிளவு வழியாக என் மகளை இரண்டு கையாலும் வெளியே நீட்டினேன்.

"இவளைப் பிடிங்க டாக்டர்" என்று உரக்கச் சொன்னேன். "போன தடவை நீங்க கையைப் பாத்தப்ப இவ உள்ள இருந்தா."

ஹாஜராவின் கனம் என் கையிலிருந்து இறங்கியது. யார் வாங்கிக்கொண்டார்கள் என்று துணியில் தெரியவில்லை. பிறகு அவள் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுக்கும் சத்தமும், எழுதத் தொடங்கிய மருந்துச் சீட்டை டாக்டர் கிழிக்கும் சத்தமும் கேட்டன.

டாக்டர் பேசினார். இந்தத் தடவை காக்காவிடம் பேசவில்லை. குரல் திரைக்கு நேரே வந்தது.

"எத்தனை மாசம்மா?"

சபியாவைப் பார்த்தேன். அவள் சின்னம்மாவைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

"ஆறு" என்றாள்.